மனிதனை வேட்டையாடும் ஜாரோஃப்: 1932ஆம் ஆண்டுப் படம் வேட்டையைக் கண்டிக்கிறதா, ரசிக்கிறதா?

பழம்பட ரசிகன் எழுதியது:

ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. நிறுவனம் 1932இல் வெளியிட்ட ‘தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்’ படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தேன். 63 நிமிடமே ஓடும் படம். எர்னஸ்ட் பி. ஷோட்சாக், இர்விங் பிச்செல் இருவரும் இயக்கியது. மனிதர்களைத் தீவில் அடைத்து விளையாட்டாக வேட்டையாடும் பிற்காலக் கதைகளுக்கெல்லாம் முன்னோடி இதுவே என்பதால் இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

புகழ்பெற்ற வேட்டைக்காரனான ரெயின்ஸ்ஃபோர்டு (ஜோயல் மெக்ரே) பயணம் செய்யும் கப்பல், இடம் மாற்றி வைக்கப்பட்ட வழிகாட்டி விளக்குகளை நம்பிப் பாறையில் மோதி உடைகிறது. அவன் மட்டும் உயிர்பிழைத்துக் கரையேறுகிறான். தீவின் சொந்தக்காரர் ஜாரோஃப் பிரபு (லெஸ்லி பாங்க்ஸ்) ரஷ்யாவை விட்டு வெளியேறிய கொசாக் (குதிரைவீரர் மரபைச் சேர்ந்த) பிரபு. எல்லா விலங்குகளையும் வேட்டையாடி அலுத்துப்போய், இப்போது மனிதர்களை வேட்டையாடுகிறவர். இதற்கு முன் நடந்த இன்னொரு கப்பல் விபத்தில் தப்பிய ஈவ் (ஃபே ரே) என்ற பெண்ணும், அவளுடைய அண்ணனும் ஏற்கெனவே அங்கே விருந்தாளிகளாக இருக்கிறார்கள். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நான் விவாதிக்க விரும்புவது முதல் ஐந்து நிமிடத்தைப் பற்றி. கப்பலில் உடன் வரும் மருத்துவர், பசிக்காகக் கொல்லும் மிருகத்தைக் காட்டுமிராண்டி என்கிறோம், பொழுதுபோக்குக்காகக் கொல்லும் மனிதனை நாகரிகமானவன் என்கிறோமே, இது என்ன நியாயம் என்று கேட்கிறார். இடம் மாறி நீ புலியாக இருந்தால் என்ன செய்வாய் என்ற பொருளிலும் பேச்சு வருகிறது. உலகில் வேட்டையாடுகிறவர்கள், வேட்டையாடப்படுகிறவர்கள் என்று இரண்டு வகையினர்தான் உண்டு, நல்லவேளை நான் முதல் வகை, அதை எதனாலும் மாற்ற முடியாது என்று ரெயின்ஸ்ஃபோர்டு சொல்லி வாயை மூடும் முன்பே கப்பல் பாறையில் மோதுகிறது. மிக அழகான அமைப்பு. ஆனால் அந்தக் கேள்விக்குப் படம் கடைசிவரை பதில் சொல்லவில்லை என்பது என் வாதம். இறுதியில் காயம்பட்ட ஜாரோஃப் சன்னல் வழியே தன்னுடைய நாய்கள் நடுவிலேயே விழுந்து சாகிறார். கதாநாயகன் கை கறைபடாமல் படகேறிப் போய்விடுகிறான். கேட்ட கேள்வியிலிருந்து திரைக்கதை நழுவிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

கரிசல் வாசகி எழுதியது:

பதில் சொல்லவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். காட்டுக்குள் நாய்கள் துரத்தும்போது ரெயின்ஸ்ஃபோர்டு ஈவிடம், நான் மடக்கிப் பிடித்த அந்த விலங்குகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது என்ற பொருளில் ஒரு வரி சொல்கிறான். மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வதால் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

ஆனால் உங்கள் ஐயத்தின் அடிப்படை சரியானது, ஏனெனில் மூலக்கதையோடு ஒப்பிட்டால் படம் எங்கே நழுவுகிறது என்று தெளிவாகத் தெரியும். ரிச்சர்ட் கான்னல் எழுதி, 1924 ஜனவரியில் ‘காலியர்ஸ்’ வார இதழில் வந்த சிறுகதை அது. அதில் ஈவ் இல்லை, அண்ணன் இல்லை, கப்பல் விபத்தும் இல்லை. இரவில் புகைக்குழாய் கைநழுவிவிட, அதை எட்டிப் பிடிக்கப் போய்க் கடலில் விழுகிறான். படத்தில் சூரியன் உதிக்கும் வரை தப்பித்தால் விடுதலை என்பது நிபந்தனை. கதையில் மூன்று நாள். அந்த மூன்று நாளில் அவன் மெல்ல மெல்ல விலங்காகிறான், மரத்தில் ஒடுங்கிக் கிடக்கிறான், தடம் குழப்புகிறான், பொறி வைக்கிறான். முடிவில் கடலில் குதித்து நீந்தி, ஜாரோஃபின் படுக்கையறைக்குள் வந்து திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறான். நீ வென்றுவிட்டாய் என்று ஜாரோஃப் பாராட்ட, நான் இன்னும் மடக்கப்பட்ட மிருகம்தான், தயாராக இரு என்கிறான் அவன். அடுத்த வரியில், அதைவிட நல்ல படுக்கையில் தான் படுத்ததே இல்லை என்று அவன் நினைத்துக்கொள்வதோடு கதை முடிகிறது. கொலையை எழுத்தாளர் காட்டவேயில்லை. எதிரியைக் கொன்ற கையோடு அவனுடைய படுக்கையிலேயே நிம்மதியாகத் தூங்குகிறவன் யார், வேட்டைக்காரனா, தப்பித்தவனா என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. திரைக்கதையை எழுதிய ஜேம்ஸ் கிரீல்மன் கைவிட்டது இதைத்தான்.

அதே சமயம், ஈவைச் சேர்த்ததை வெறும் வணிகச் சமரசம் என்று ஒதுக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. சிறுகதையில் அவனுடைய எண்ணங்களைக் கதைசொல்லி சொல்லிவிடுவார். படத்தில் தனியாக ஓடும் ஒருவன் யாரிடம் பேசுவான்? ஈவ் இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன அந்த வரியைச் சொல்ல வழியே இருந்திருக்காது. தவிர, தீவில் நடப்பதை முதலில் ஊகிப்பவளும் அவள்தான். தங்களோடு கரைசேர்ந்த மாலுமிகள் இருவரும் பாடம் செய்த தலைகள் உள்ள அறையைப் பார்க்கப் போன பிறகு கண்ணில் படவே இல்லை என்று அவள்தான் அவனை எச்சரிக்கிறாள். அந்த நேரத்தில் நம் வீரர் ஜாரோஃபின் வேட்டைக் கதைகளைச் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒளிநிழல் எழுதியது:

வசனத்தில் என்ன பதில் இருக்கிறது என்று நீங்கள் இருவரும் தேடுகிறீர்கள். நான் கேமரா என்ன சொல்கிறது என்று பார்க்கிறேன். வசனம் வேட்டையைக் கண்டிக்கலாம், ஆனால் கேமரா வேட்டையை ரசிக்கிறது.

கடைசி இருபது நிமிடத் துரத்தலைக் கவனியுங்கள். இலைகளும் கொடிகளும் முகத்தில் அறைவதுபோல் கேமரா புதருக்குள் பாய்கிறது. ஓடுகிறவர்களின் முகங்களிலிருந்து துரத்துகிறவரின் முகத்துக்கும், அங்கிருந்து நாய்களுக்கும் வெட்டு வேகமாக மாறிக்கொண்டே இருக்கிறது. பல ஷாட்டுகளில் நாம் துரத்துகிறவரோடு சேர்ந்தே ஓடுகிறோம். பேசும் படம் வந்து சில ஆண்டுகளே ஆன அந்தக் காலத்தில், ஒலிவாங்கிக்குப் பயந்து நடிகர்களை ஓரிடத்தில் நிற்கவைத்து எடுத்த படங்களோடு இதை வைத்துப் பாருங்கள், ஹென்றி ஜெரார்டின் ஒளிப்பதிவு எவ்வளவு துணிச்சலானது என்பது புரியும்.

இந்தக் காடு ‘கிங் காங்’ படத்துக்காகப் போட்ட அதே செட் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பள்ளத்தின் குறுக்கே கிடக்கும் அந்த மரத்தண்டில் ரெயின்ஸ்ஃபோர்டும் ஈவும் கடந்து போகிறார்கள். காங் மாலுமிகளை உலுக்கித் தள்ளுவதும் அதே மரத்தண்டிலிருந்துதான். இரண்டு படங்களின் வேலையும் ஒரே காலத்தில் நடந்தது. ஷோட்சாக், தயாரிப்பாளர் மெரியன் சி. கூப்பர், கிரீல்மன், இசையமைப்பாளர் மேக்ஸ் ஸ்டைனர், நடிப்பில் ஃபே ரே, ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், நோபிள் ஜான்சன் என்று ஆட்களும் பொதுவானவர்கள். பெரிய படம் 1933 மார்ச்சில்தான் வந்தது. அதற்குப் பல மாதம் முன்பே இந்தச் சிறிய படம் திரைக்கு வந்துவிட்டது. செட் செலவை இரண்டு படத்துக்கும் பங்கிட்டதில் தயாரிப்பாளருக்கு ஆதாயம், நமக்கும் ஆதாயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூப்பரும் ஷோட்சாக்கும் ஸ்டுடியோவுக்குள்ளேயே வளர்ந்தவர்கள் அல்லர். 1925இல் பாரசீகத்தில் பக்தியாரி இடையர்கள் மந்தையோடு ஆறும் மலையும் கடப்பதைப் படமாக்கியவர்கள், 1927இல் சயாம் நாட்டுக் காட்டில் புலிகளையும் யானைக் கூட்டத்தையும் வைத்து ‘சாங்’ எடுத்தவர்கள். பாயும் புலியின் முன்னால் கேமராவோடு நின்றவருக்குத் துரத்தலின் சுகம் என்ன என்பது நன்றாகவே தெரியும். அந்தச் சுகத்தை மறைக்காமல் காட்டியிருப்பதுதான் படத்தின் நேர்மை என்பேன்.

சுருதிப்பெட்டி எழுதியது:

ஒளிநிழல் சொன்னதை இசையும் உறுதிசெய்கிறது. பெயர் ஓடும்போதே வேட்டைக் கொம்பின் ஒலி வருகிறது. பிறகு ஜாரோஃப் தாமே காட்டில் அந்தக் கொம்பை ஊதுகிறார். கதைக்குள் ஒலிக்கும் கொம்பும் பின்னணி இசையில் வரும் கொம்பும் ஒன்றாகிவிடுவதால், இசைக்குழுவே ஜாரோஃபின் பக்கம் நின்று துரத்துவதுபோல் ஆகிவிடுகிறது. பின்னணி இசையே வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் தயங்கிய காலத்தில், ஒரு நீண்ட துரத்தலை வசனமே ஏறத்தாழ இல்லாமல் இசையின் பலத்தில் ஸ்டைனர் நகர்த்தியிருக்கிறார். அவர் அமைத்த ரஷ்ய வால்ட்ஸ் ஒன்றை ஜாரோஃப் விருந்தாளிகளுக்காகப் பியானோவில் வாசிக்கும் காட்சியையும் மறக்க வேண்டாம். கொலைகாரனை நாம் முதலில் அறிந்துகொள்வது நல்ல ரசனையுள்ள கலைஞனாகத்தான்.

வெண்திரை எழுதியது:

இழை முழுவதையும் படித்துவிட்டு எழுதுகிறேன். எல்லோரும் வேட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தப் படம் உள்ளுக்குள் போரைப் பற்றியது என்று நான் நினைக்கிறேன்.

லெஸ்லி பாங்க்ஸின் முகத்திலிருந்து தொடங்குகிறேன். ஜாரோஃபின் நெற்றியில் ஒரு தழும்பு இருக்கிறது. ஆப்பிரிக்கக் காட்டெருமை முட்டியதால் வந்தது என்று அவரே சொல்கிறார். உணர்ச்சி மேலிடும்போதெல்லாம் விரல்களால் அதைத் தடவிக்கொள்கிறார். அது ஒப்பனை. ஆனால் அந்தத் தழும்புக்குக் கீழே முகத்தின் ஒரு பாதி மற்றப் பாதியோடு சேர்ந்து அசையாமல் இறுகிக் கிடப்பதைப் பாருங்கள். அது ஒப்பனை அன்று. முதல் உலகப் போரில் எசெக்ஸ் படைப்பிரிவில் இருந்தபோது முகத்தில் பட்ட காயத்தால் பாங்க்ஸுக்கு முகத்தின் ஒரு பக்கம் தழும்பேறி, ஓரளவு செயலிழந்து போயிருந்தது. மென்மையான வேடங்களில் ஒரு பக்கத்தையும், கொடிய வேடங்களில் மறு பக்கத்தையும் அவர் கேமராவுக்குக் காட்டுவார் என்று சொல்வதுண்டு. இந்தப் படத்தில் மாடிப்படியில் இறங்கி வந்து விருந்தினரை வரவேற்கும்போது ஒரு முகம், வேட்டையின் இன்பத்தைப் பற்றிப் பேசும்போது மற்றொரு முகம். திரைக்கதை காட்டெருமையைக் காரணம் காட்டுகிறது, முகமோ போர்க்களத்தைக் காட்டுகிறது.

படத்துக்குப் பின்னால் இருந்தவர்களும் அப்படித்தான். கான்னல் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். ஷோட்சாக் அதே போரில் ராணுவத்தின் படப்பிடிப்புப் பிரிவில் இருந்தவர். கூப்பர் குண்டுவீச்சு விமானி. 1918இல் சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மானியரிடம் கைதியானார். அதோடு விட்டாரா? போலந்துக்காகச் சோவியத் படைகளை எதிர்த்து விமானமோட்டப் போய், 1920இல் மறுபடியும் வீழ்த்தப்பட்டு, மாதக்கணக்கில் சோவியத் கைதியாக இருந்து, தப்பி ஓடி எல்லை கடந்தார். துரத்தப்படுவது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூலக்கதையில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. நீங்கள் சொல்வது கொலை என்று ரெயின்ஸ்ஃபோர்டு அதிரும்போது, போரில் உங்கள் அனுபவம் என்று ஜாரோஃப் ஏதோ சொல்லத் தொடங்குகிறார். அதை முடிக்கவிடாமல், போர் என்னைக் கொலையை ஒப்புக்கொள்கிறவனாக ஆக்கிவிடவில்லை என்று அவன் குறுக்கிடுகிறான். முடிக்கவிடாமல் குறுக்கிட்டான் பாருங்கள், அங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது. லட்சக்கணக்கான இளைஞர்கள் மனிதர்களைச் சுடப் பயிற்சி பெற்றுத் திரும்பி ஐந்தாறு ஆண்டுகளே ஆன காலத்தில், ஜாரோஃப் கேட்க வந்த கேள்வியை முழுதாகக் கேட்கவிடும் துணிவு யாருக்கு இருந்திருக்கும்?

பழம்பட ரசிகன் எழுதியது:

வெண்திரை அவர்களே, பாங்க்ஸின் முகம் பற்றி நீங்கள் எழுதியது படத்தை எனக்குப் புதிதாகக் காட்டியது. ஆனாலும் ஒரு தடை எழுப்புகிறேன். கூப்பர் போல்ஷெவிக்குகளை, அதாவது ரஷ்யப் புரட்சியை நடத்திய பொதுவுடைமைக் கட்சியினரை, மனதார வெறுத்தவர். ஜாரோஃபோ புரட்சிக்குத் தப்பித் தன் சொத்தில் பெரும்பகுதியோடு ஓடிவந்த பிரபு. கூப்பரின் போர் அனுபவம் படத்தில் இறங்கியிருக்கிறது என்றால், வில்லன் ஒரு செஞ்சேனை அதிகாரியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? வேலை செய்யாமலே வாழ்ந்து, வேலையாட்களை அடித்தே பழகிய பிரபுக்குலத்தின் அலுப்பைத்தானே படம் காட்டுகிறது? இதைப் போர் என்பதைவிடச் சீமான்தனத்தின் அழுகல் என்று சொல்வதே பொருந்தும்.

வெண்திரை எழுதியது:

வில்லனின் கட்சி எது என்பதை வைத்து நான் வாதிடவில்லை, கொசாக் என்பது கான்னலிடமிருந்தே வந்தது. கைதியாக இருந்து தப்பி ஓடிய ஒருவர் தயாரித்த படத்தில் ஓடுகிறவனின் பயம் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்பதே என் கவனம். சீமான்தனம் என்பதையும் மறுக்கவில்லை. அந்தக் காலத்துச் சீமான்கள்தாம் படைகளுக்குத் தளபதிகளாகவும் இருந்தார்கள். மூலக்கதையில் ஜாரோஃபின் பட்டமே ஜெனரல் என்பதுதான்.

துறைமுகத்தான் எழுதியது:

எல்லோரும் ரெயின்ஸ்ஃபோர்டின் பயத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அவனுக்கு முன்னால் அந்தத் தீவில் செத்தவர்கள் யார்?

படத்தில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. சுவரில் மாட்டிய ஒரு தலை, கண்ணாடித் தொட்டியில் மிதக்கும் ஒரு தலை, அவ்வளவுதான். வெளியீட்டுக்கு முன் படத்தைப் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்கள் சகிக்காததால் அந்த அறையின் காட்சிகள் பெரும்பாலும் வெட்டப்பட்டன என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆக, இருந்த கொஞ்ச நேரமும் அவர்களுக்கு இல்லாமல் போனது. சிறுகதை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. நான் வேட்டையாடுவது சரக்குக் கப்பல்களில் வரும் கழிசடைகளைத்தான் என்று சொல்லிவிட்டு ஜாரோஃப் ஒரு பட்டியல் போடுகிறார். அந்தப் பட்டியலில் முதலில் வருகிறவர்கள் லஸ்கர்கள். நம் துணைக்கண்டத்துத் துறைமுகங்களில் ஆள்சேர்த்து, வெள்ளையருக்குக் கொடுத்த கூலியில் ஒரு சிறு பங்கை மட்டும் கொடுத்து, கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட வைத்தார்களே, அவர்கள். அவர்களுக்குப் பிறகுதான் கறுப்பர், சீனர் என்று பட்டியல் நீள்கிறது. ஒரு நல்ல சாதிக் குதிரைக்கு இவர்களில் இருபது பேர் கூட ஈடாகமாட்டார்கள் என்று முடிக்கிறார்.

ரெயின்ஸ்ஃபோர்டு மறுக்கிறான்தான். ஆனால் வாசகருக்கும் பார்வையாளருக்கும் உண்மையான பதற்றம் வருவது, புத்தகம் எழுதிய, படித்த, வெள்ளை வேட்டைக்காரன் ஒருவன் துரத்தப்படும்போது மட்டுமே. முன்னால் செத்த லஸ்கர் எந்தச் சதுப்பில் எப்படி ஒளிந்தான், எத்தனை நாள் தாக்குப்பிடித்தான் என்பதைப் பிற்காலத்தில் யாராவது எழுதியிருந்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

இதோடு தொடர்புடைய இன்னொரு செய்தி. ஜாரோஃபின் ஊமை வேலையாள் ஐவன் என்ற தாடிக்காரக் கொசாக்காக நடித்த நோபிள் ஜான்சன் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர். வெள்ளையர்கள் கரி பூசிக் கறுப்பராக நடித்துக்கொண்டிருந்த நாளில், ஒரு கறுப்பின நடிகர் வெளிறிய ஒப்பனையோடு ரஷ்யராக நடித்தது அரிதினும் அரிது. 1916இல் தம் சகோதரரோடு சேர்ந்து லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கி, கறுப்பினப் பார்வையாளருக்காகக் கறுப்பினத்தவரைக் கண்ணியமாகக் காட்டும் படங்களை எடுத்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கு ஹாலிவுட் இங்கே ஒரு வரி வசனம்கூடக் கொடுக்கவில்லை.

ஒளிநிழல் எழுதியது:

துறைமுகத்தான் சொன்ன பிறகு எனக்கு அந்தக் கதவுத் தட்டி நினைவுக்கு வருகிறது. பெயர்கள் ஓடும்போது ஒரு கை அதைத் தூக்கித் தூக்கித் தட்டும். பாதி மனிதன், பாதி குதிரையான ஓர் உருவம், மார்பில் அம்பு பாய்ந்து, கைகளில் மயங்கிய பெண்ணை ஏந்தி நிற்கும். கதவைத் தட்ட வேண்டுமானால் அந்தப் பெண்ணின் உடலைத்தான் பிடிக்க வேண்டும். வேட்டையாடிய பிறகே காதல் இனிக்கும் என்று ஜாரோஃப் பிறகு ஈவின் முன்னிலையிலேயே விளக்கும் தத்துவம் முழுவதும் அந்த இரும்புத் துண்டில் இருக்கிறது. அவர் பெண்களை வேட்டையாடுவதில்லை, பரிசாக எடுத்துக்கொள்கிறார். தணிக்கை விதிகள் 1930இலேயே எழுதப்பட்டுவிட்டாலும், 1934 நடுவில்தான் கறாராக அமலாயின. இரண்டு ஆண்டுகள் தாமதித்திருந்தால் இந்த வசனங்களும் அந்தத் தலைகளும் படத்தில் மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை.

நள்ளிரவுக்காட்சி எழுதியது:

1969இல் கலிபோர்னியாவில் சோடியாக் என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலைகாரன் பத்திரிகைகளுக்கு அனுப்பிய குறியீட்டுக் கடிதத்திலும், மனிதனே எல்லாவற்றிலும் ஆபத்தான விலங்கு என்ற கருத்து வருகிறதே, அதைப் பற்றியும் பேசலாமே?

கரிசல் வாசகி எழுதியது:

அந்தக் குறியீட்டை ஓர் ஆசிரியரும் அவர் மனைவியும் சில நாட்களில் உடைத்தார்கள் என்பது உண்மை. இந்தக் கதையின் சாயல் அதில் இருப்பதாகப் பலர் கருதுவதும் உண்மை. ஆனால் அவன் இதைப் படித்தானா, பார்த்தானா என்பதற்கு ஆதாரம் இல்லாமல் பேசினால் இழை வேறு திசைக்குப் போய்விடும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

வெண்திரை எழுதியது:

பழம்பட ரசிகன் எழுப்பிய தடைக்கு இன்னும் விரிவான பதில் இந்தப் படத்தின் மறு ஆக்கங்களில் இருக்கிறது. ஆர்.கே.ஓ. நிறுவனமே 1945இல் ராபர்ட் வைஸ் இயக்கத்தில் ‘எ கேம் ஆஃப் டெத்’ என்று மீண்டும் எடுத்தது. முந்தைய படத்தின் துரத்தல் காட்சிகள் சிலவற்றை அப்படியே எடுத்து ஒட்டினார்கள். நோபிள் ஜான்சன் இதிலும் வேலையாளாக வருகிறார். ஆனால் ஜாரோஃப் மட்டும் காணாமல் போய், அவர் இடத்தில் கிரைகர் என்ற ஜெர்மானியர் வந்துவிட்டார். 1956இல் வந்த ‘ரன் ஃபார் தி சன்’ படத்தில் காட்டுக்குள் பதுங்கியிருப்பவர்கள் போர்க் குற்றம் புரிந்து ஓடிவந்தவர்கள். 1993இல் ஜான் வூ ஹாலிவுட்டுக்குப் போய் எடுத்த ‘ஹார்ட் டார்கெட்’ படத்தில் வேட்டைக்காரர்கள் பணக்காரர்கள், வேட்டையாடப்படுகிறவர்கள் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் வீடின்றி அலையும் முன்னாள் படைவீரர்கள். ஒவ்வொரு தலைமுறையும் இந்தக் கதையைத் தொடும்போது தன் காலத்துப் போரைக் கொண்டுவந்து அதில் வைத்துவிடுகிறது. வேட்டை மட்டுமே இதன் கரு என்றால் இது ஏன் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும்?

பழம்பட ரசிகன் எழுதியது:

‘ஹார்ட் டார்கெட்’ உங்கள் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதே படம் என் வாதத்துக்கும் உதவுகிறது. அங்கேயும் பணம் கொடுத்துச் சுட வருகிறவர்கள் சீமான்கள், சாகிறவர்கள் தேடுவார் இல்லாதவர்கள். துறைமுகத்தான் சொன்ன லஸ்கர்களின் இடத்தில்தான் அந்தப் பழைய படைவீரர்கள் நிற்கிறார்கள்.

என் முதல் கேள்வியையும் விட்டுவிட மனமில்லை. கரிசல் வாசகி சுட்டிய அந்த வரியைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். விலங்குகளின் நிலை புரிகிறது என்கிறானே தவிர, இனி வேட்டையாடமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அதற்கு முன்னால் பொறி எப்படி வேலை செய்யும் என்று ஈவுக்கு விளக்கும்போது அவன் குரலில் ஒரு நிபுணனின் பெருமிதம் இருக்கிறது. கோட்டைக்குத் திரும்பி வந்து சண்டையிடும்போது அவன் ஜாரோஃபின் மேல் பாய்ச்சுவதும் ஜாரோஃபின் அம்பைத்தான். அந்தக் காயத்தோடு சன்னலருகே போய், படகில் தப்பிப்பவர்களை நோக்கி வில்லை வளைக்க முயன்று, முடியாமல்தான் ஜாரோஃப் நாய்களிடம் விழுகிறார். நாய்கள் கொன்றதாகக் கணக்கு, ஆனால் நாய்களுக்கு இரையாக்கியது யார்?

கரிசல் வாசகி எழுதியது:

அப்படியானால், கதாநாயகனின் கை கறைபடவில்லை என்று இழையைத் தொடங்கியவரே, அவன் கையில் அம்பு இருந்ததை இப்போது சாட்சியாக வைக்கிறீர்கள்! மூலக்கதையின் படுக்கை வரியை இதோடு சேர்த்து மறுபடி படியுங்கள். கான்னல் ஒரு வாக்கியத்தில் செய்ததைத்தான் கிரீல்மன் ஒரு சண்டைக் காட்சியாக விரித்திருக்கிறார் என்று நான் வாதிடப்போகிறேன். அதற்கு முன் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும், இசையை நிறுத்திவிட்டு, நீங்கள் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.